மாமன் கேட்ட களம்

புங்கம்பட்டு ஊராட்சி மன்ற அலுவலகத்தில் சுழல் நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதன் முதுகில் எப்போதும் ஒரு வெள்ளைப் பூத்துண்டு போர்த்தியிருக்கும். துண்டு யாருடையதோ நாற்காலி அவருடையது. இப்படி எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. ஆனால் எழுதிய சட்டத்தைவிட நன்றாகவே செல்லுபடியாகும். வாசலில் இருக்கிற பெயர்ப்பலகையில் ‘தலைவர்: கிருஷ்ணவேணி, எம்.ஏ.’ என்று இருந்தது. துண்டு அவளுடைய தாய்மாமன் சக்கரபாணியுடையது. பலகைக்கும் துண்டுக்கும் போட்டி என்று வைத்துக்கொண்டால், மூன்றரை வருஷமாகத் துண்டுதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. கிருஷ்ணவேணி சுவரோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாமா விரலை வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கோலியனூரிலிருந்து கண்டமங்கலம் போகிற வழியில், நாலுவழிச் சாலையிலிருந்து கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில் இருக்கிறது புங்கம்பட்டு. கிருஷ்ணவேணிக்கு அது பிறந்த ஊர் இல்லை. அப்பா கிணறு வெட்டும்போது மண் சரிந்து போய்ச் சேர்ந்தார். அம்மா பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச காலத்தில் அவளும் காமாலையில் போனாள். அப்புறம் எல்லாமே மாமன்தான். காது குத்தினது மாமன் மடியில். சடங்குக்குச் சீர்த்தட்டு தூக்கினது மாமன். பத்தாவதோடு நிறுத்து என்று ஊரே சொன்னபோது, ‘படிக்கட்டும், நம்ம வூட்டுல ஒரு எம்.ஏ. இருந்தா இன்னா கொறஞ்சா பூடும்’ என்று விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் அவர்தான். வரலாறு எம்.ஏ. முடித்ததும், வேலைக்குப் போகவேண்டும் என்றவளைப் புதுச்சேரி மில்லில் ஷிப்டு பார்க்கிற சீனுவாசனுக்குக் கட்டிக்கொடுத்து, பக்கத்துத் தெருவிலேயே குடிவைத்ததும் அவர்தான். நல்லது செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். செய்த நல்லதையெல்லாம் ஒருவர் ரசீது மாதிரி மடித்து ஜேப்பில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்றால், அதையும் சொல்லவேண்டும் இல்லையா.

கல்யாணத்துக்குப் பிறகு மாமாவிடம் கெஞ்சி, திண்டிவனத்தில் ஒரு டுட்டோரியலுக்குப் பாடம் சொல்லப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு கூடம். சித்திரை மாதத்தில் அந்தக் கூடத்தில் ஒரு முட்டையை வைத்தால் வகுப்பு முடிவதற்குள் குஞ்சே பொரித்துவிடும். அஞ்சல் வழியில் படிக்கிறவர்கள், அரியர் வைத்தவர்கள், பிள்ளை பெற்றபிறகு படிக்க வந்தவர்கள் என்று கலந்து உட்கார்ந்திருப்பார்கள். இந்திய வரலாற்றுக்கு ஆள் இருந்தது, ஐரோப்பாவுக்கு ஆள் இருந்தது. சீனா, ஜப்பான் வரலாறு என்ற தாளுக்கு மட்டும் ஆள் இல்லை. கடைசியாக வந்தவள் தலையில் கட்டினார்கள். நெற்றி வியர்வை பலகையில் சொட்டச் சொட்ட, ஜப்பானில் பனி பெய்வதை அவள் நடத்தினாள்.

அங்கேதான் அவளுக்குக் கோபம் வந்தது. மாணவர்கள் வைத்திருந்த கையேட்டில் ஜப்பானை ஆண்ட முதல் பேரரசி சுய்கோவைப் பற்றி அரை வரி இருந்தது. ‘வாரிசுச் சண்டையைத் தவிர்க்க இடைக்கால ஏற்பாடாக ஒரு பெண் அரியணையில் அமர்த்தப்பட்டார்’ என்ற கருத்தில் அரை வரி. அதற்குப் பிறகு இரண்டு பக்கம் முழுக்க அவளுக்குத் துணையாக ஆண்ட இளவரசனைப் பற்றித்தான்.

முப்பத்தாறு வருஷம் ஒரு இடைக்காலமா? கிருஷ்ணவேணி பொங்கிவிட்டாள். சுய்கோ பட்டத்துக்கு வந்தது 592இல். அதற்கு முந்தின வருஷங்களில் அந்த அரண்மனையில் நடந்ததெல்லாம் வெட்டும் குத்தும்தான். அந்த நாட்டில் அப்போது சோகா என்றொரு குடும்பம். அவர்கள் அரியணையில் உட்காரவே மாட்டார்கள். பெண்ணைக் கொடுப்பார்கள். ராஜாவுக்குத் தங்கையைக் கொடுப்பது, பிறக்கிற பிள்ளைக்கு மாமனாக இருப்பது, பிள்ளை பட்டத்துக்கு வந்தால் பின்னால் நின்று ஆட்டுவது, இதுதான் அவர்கள் தொழில். நாட்டுக்கு ராஜா மருமகன். மருமகனுக்கு ராஜா மாமன்.

“மிஸ், இது இன்னா எங்க வூட்டுக் கதையாட்டம் இருக்குது” என்றாள் அனந்தபுரத்திலிருந்து வரும் ஒரு பெண். அவள் அந்தத் தாளில் பாஸானாள்.

அந்தக் குடும்பத்து மாமன் பெயர் உமாகோ. அக்கா தங்கைகள் இரண்டு பேரை ஒரே ராஜாவுக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் இவர்தான் தாய்மாமன். அதில் ஒரு மருமகன் ராஜாவானான். யாரோ ஒரு காட்டுப்பன்றியைக் கொண்டுவந்து வைத்தபோது, ‘எனக்குப் பிடிக்காத ஒருத்தன் கழுத்தும் இப்படி அறுபடுவது எப்போது’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். சேதி மாமன் காதுக்குப் போயிற்று. மருமகனையே ஆள்வைத்துத் தீர்த்துவிட்டார் மாமன். காலியான அதே நாற்காலியில் உட்காரும்படி மருமகள் சுய்கோவைக் கேட்டார்கள். இரண்டு தடவை மாட்டேன் என்றவள் மூன்றாம் தடவைதான் சம்மதித்தாள். ரத்தம் காயாத நாற்காலியில் உட்கார்ந்து முப்பத்தாறு வருஷம் தலையோடு இருந்தவளை, அரை வரியில் முடித்தான் கையேடு எழுதினவன். கிருஷ்ணவேணி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு நடத்தினாள்.

ஒன்பது வருஷம் நடத்தினாள். டுட்டோரியலை மூடினார்கள். அவள் வீட்டோடு இருந்தபோதுதான் 2021 உள்ளாட்சித் தேர்தல் வந்தது. புங்கம்பட்டு பெண்களுக்கு ஒதுக்கீடு. சக்கரபாணி பத்து வருஷமாகக் கண் வைத்திருந்த பதவி.

“இது இன்னா பெரிய ராஜாங்கமா வேணி” என்றார் மாமா. “லேடீஸ் சீட்டா பூட்ச்சி. நீ ஒக்காரு. சீட்டு பொதுவா மாறச்சொல்ல நம்ம வல்லரசு நிப்பான். அதுவரைக்கும் எடத்தப் புட்ச்சிக்கினு இரு, அவ்ளோதான்.”

வல்லரசு அவர் மகன். புதுச்சேரியில் மூன்றாவது முறையாக ஏதோ கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருப்பீர்கள், பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு துண்டைப் போட்டு சீட்டுப் பிடிப்பார்கள். ஆள் அப்புறம் நிதானமாக டீ குடித்துவிட்டு வருவார். வல்லரசு டீ குடித்துவிட்டு வரும் வரைக்கும் கிருஷ்ணவேணி துண்டு. வீடு வீடாகப் போய், “எங்க பொண்ணு ஜப்பான் ராஜா பேரெல்லாம் தலகீழா சொல்லும், ரேஷன் கார்டு வாங்கிக் குடுக்காதா” என்று மாமா ஓட்டுக் கேட்டார். ஜெயித்தாள். மறுநாளே பூத்துண்டு நாற்காலிக்கு வந்துவிட்டது.

“தலைவரம்மா, ஒங்க மாமா துண்டுக்கு ஒரு ஆதார் எடுத்துடலாம்” என்பாள் ஜெசிந்தா. காலனியிலிருந்து ஜெயித்து வந்த வார்டு உறுப்பினர் அவள். வாய் நீளம். “கொறஞ்சது அதுக்கு ஒரு சம்பளமாச்சும் கேப்போம்.”

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள் கிருஷ்ணவேணி. தெருவிளக்கு, குழாய், சாக்கடை, எதற்கும் சண்டை பிடிக்கவேண்டியிருக்கவில்லை. மாமா களத்தைக் கேட்கும் வரைக்கும்.

சாலையோரம் ஊர்ப் பொதுக்களம் இருக்கிறது, சிமெண்டு போட்டது. பழைய காலத்தில் அது மண் களம். நிலமுள்ளவர்கள் நெல் அடிப்பார்கள். காலனிக்காரர்கள் அடித்துக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பார்கள், தங்கள் வேர்க்கடலையை, இந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, கொண்டுவந்து கொட்ட முடியாது. அரசாங்கம் சிமெண்டு போட்டபோது ஜெசிந்தாவின் அப்பா தேவசகாயம் முதல் ஆளாக ஒரு மூட்டையைக் கொண்டுவந்து நட்டநடுவில் கொட்டிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். பெரிய பேச்சாயிற்று. தாசில்தார் வரை போய், பொது என்றால் எல்லோருக்கும் பொது என்று முடிந்தது. அன்றிலிருந்து இரண்டு தெருவும் அங்கேதான் காயவைக்கிறது. மாடி வீடு இல்லாதவர்களுக்கு வேறு இடமே கிடையாது. இடம் கிடைக்காத நாளில் நாலுவழிச் சாலை ஓரத்தில் கொட்டுவார்கள். போன மாசியில் அப்படிக் கொட்டி வைத்து நெல் தள்ளிக்கொண்டிருந்த மாரியப்பன் மேல் ஒரு கார் ஏறிப்போயிற்று. இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம் மாமா சாப்பிடக் கூப்பிட்டார். அத்தை கோவிந்தம்மாள் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். மாமா களியைக் குழம்பில் புரட்டிக்கொண்டே சொன்னார்.

“மே ஒண்ணாந்தேதி கிராம சபைல ஒரு தீர்மானம் வரும். தொரக்கண்ணு எழுதிக்கினு வருவான். களம் உபயோகத்துல இல்ல, ஊருக்கு அவசியமில்லன்னு. ஏரிக்குப் பின்னால நம்ம மேட்டு நெலத்தக் குட்த்துட்டு, இத நம்ம பேருக்கு மாத்திக்கலாம். ரோட்டோரம். பெட்ரோல் பங்க்கு வெச்சா வல்லரசு பொழச்சிப்பான்.”

“அங்க எல்லாரும் காயவெக்கிறாங்களே மாமா.”

“எவன் காயவெக்கிறான்? காலனிக்காரங்க நாலு பேரு. அவங்களுக்கு ரோடு இல்ல?” மாமா தண்ணீர் குடித்தார். “அதுவுமில்லாம, அது நம்ம நெலம்தான் வேணி. எங்க தாத்தன் ஊருக்குன்னு வுட்டது. நம்ம வூட்டுக்குப் பேரே களத்து வீடு. பேரே அதுலருந்து வந்துக்குது, அப்ப எடம் யாருது?”

கிருஷ்ணவேணியின் கை இலையில் நின்றது. இந்தப் பேச்சை அவள் கேட்டிருக்கிறாள். கேட்டதில்லை, பாடமாக நடத்தியிருக்கிறாள். உமாகோ கிழவனான பிறகு, கட்சுராகி என்ற வட்டாரத்தை மருமகளிடம் கேட்டனுப்பினார். அது எங்கள் பூர்வீக மண், எங்கள் பேரே அதிலிருந்து வந்தது, நிரந்தரமாக எங்களுக்கு எழுதிக்கொடு என்று. ஆயிரத்து நானூறு வருஷம் கழித்து, கடல் தாண்டி, கருவாட்டுக் குழம்பு மணக்க மணக்க அதே பேச்சு. இந்த மாமன்களுக்கெல்லாம் யார் வாத்தியார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சரி மாமா” என்றுதான் சொன்னாள். ஆவணியில் அவள் மகள் ஆர்த்திக்குக் கல்யாணம். அம்மா வீடு என்று கிருஷ்ணவேணிக்கு உலகத்தில் இருப்பது இந்த ஒரு வாசற்படிதான். இங்கிருந்து தட்டு வராத கல்யாணத்தை நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

சாயங்காலம் களத்து மேட்டில் ஜெசிந்தா மல்லாட்டையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டும் கிளறுவதை நிறுத்தவில்லை.

“கையெழுத்துப் போடப் போறியாக்கா?”

“போடலன்னா எனக்கு அம்மா வூடு இல்ல.”

“போட்டா எங்களுக்குக் களம் இல்ல.” ஜெசிந்தா கூரையைப் பார்த்துப் பேசுகிற மாதிரி வானத்தைப் பார்த்துச் சொன்னாள். “ஒண்ணும் அவசரமில்ல. எங்கப்பா மூட்ட மேல ஒக்காந்தாரு. நானும் ஒக்காருவேன். இந்த வாட்டி மேல வர்றது பெட்ரோல் லாரி, அதான் கொஞ்சம் பேஜாரு.”

மறுநாள் கிருஷ்ணவேணி ஒரே ஒரு காரியம் செய்தாள். ஊராட்சிச் செயலர் துரைக்கண்ணுவைக் கூப்பிட்டு, கிராம சபையை அலுவலகத்தில் வேண்டாம், களத்துப் புங்கமரத்தடியில் போடு என்றாள். இடத்தைச் சொல்லும் உரிமை தலைவருக்கு உண்டு என்பதே துரைக்கண்ணுவுக்கு மறந்துபோயிருந்தது. மாமாவிடம் ஓடினான். மாமா சந்தோஷப்பட்டார். “நல்லதுதான். காலியா கெடக்கற எடத்த ஜனம் கண்ணால பாக்கட்டும். முந்தின நாளே எல்லாத்தையும் வாரிக்கினு போச்சொல்லு. ஒரு பொட்டு மல்லாட்டை இருக்கக்கூடாது.”

தண்டோரா மாதிரி தெருத்தெருவாகச் சொன்னான் துரைக்கண்ணு. பயந்துபோய் எல்லோரும் வாரினார்கள். ஜெசிந்தாவும் வாரினாள், வாயால் ஒரு அர்ச்சனையும் செய்தாள். ஏப்ரல் முப்பதாம் தேதி சாயங்காலம் களம் துடைத்துவிட்ட பலகை மாதிரி கிடந்தது.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் துரைக்கண்ணு போகவில்லை. உத்தரவு போட்ட வீட்டுக்கே போய் உத்தரவைச் சொல்வானா? சக்கரபாணியும் வீட்டில் சொல்லவில்லை. மல்லாட்டை செடியில் இருக்கும் வரைக்கும்தான் அவருக்குச் சொந்தம். பிடுங்கின பிறகு அது எங்கே காய்கிறது, யார் கிளறுகிறார்கள் என்பது அவர் மூளைக்குள் நுழைந்ததே இல்லை. மே ஒன்றாம் தேதி காலையில் எழுந்து பார்த்த கோவிந்தம்மாளுக்கு, களம் முழுக்கக் காலி. நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு அதிர்ஷ்டம் வாய்த்ததில்லை. ஆள்விட்டு, ஒன்றரை ஏக்கர் மல்லாட்டையையும் கொண்டுவந்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பரப்பிவிட்டாள்.

மாமா விழுப்புரத்திலிருந்து பங்க்கில் பணம் போடவிருந்த பங்காளிகள் இரண்டு பேரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது கூட்டம் சேர்ந்திருந்தது. ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி, மரத்தடி பெஞ்சில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா களத்தைப் பார்த்தார். துரைக்கண்ணுவைப் பார்த்தார். துரைக்கண்ணு தாளைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் படிக்க ஆரம்பித்தான்.

“நமது ஊராட்சியில் நீண்டகாலமாகப் பயன்பாடின்றிக் கிடக்கும் களம்...”

“தொர, கொஞ்சம் ஓரமா நின்னு படிப்பா” என்றாள் கோவிந்தம்மாள், கிளறுகிற வாரியைப் பிடித்துக்கொண்டு. “மல்லாட்டைய மெதிச்சிக்கினு நிக்கற.”

பின்வரிசையிலிருந்து சிரிப்பு உருண்டு வந்தது. கம்பு ஊன்றி நின்ற மாரியப்பன் சிரித்துக் கீழே உட்கார்ந்தே விட்டான்.

ஜெசிந்தா ரொம்ப மரியாதையாக எழுந்து கேட்டாள். “ஒரு சந்தேகங்க. உபயோகத்துல இல்லாத களத்துல காயற இந்த மல்லாட்டை யாருதுங்க?”

“எங்க வூட்டுதுதான்டி. பின்ன ஒங்க வூட்டுதா?” என்றாள் கோவிந்தம்மாள்.

அதிகாரி விசிறியை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார்.

மாமாவுக்குப் பொய் கைவிட்டுப் போனது. பொய் போனால் என்ன, மாமன் என்ற பாத்தியதை இருக்கிறதே. தோளில் கிடந்த துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றார். குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, அதுதான் கொடுமை.

“சரி, தீர்மானத்த வுடு. தலைவர்னு கேக்கல. மாமனா கேக்குறேன். அப்பன் இல்லாத பொண்ண என் மடில ஒக்காரவச்சி காது குத்தனேன். படிக்கவச்சேன். கட்டிக்குடுத்தேன். இந்த நாக்காலில ஒக்காரவச்சேன். இத்தினி ஜனத்து முன்னால கேக்குறேன் வேணி, இந்த ஒண்ண எனக்குச் செய்யி.”

சிரிப்பு அடங்கிவிட்டது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். தாய்மாமன் சபையில் கேட்டு இல்லை என்று சொன்ன பெண்ணை அந்த ஊர் பார்த்ததில்லை.

கிருஷ்ணவேணி எழுந்தாள். அவள் யோசித்துப் பேசவில்லை. திண்டிவனத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வருஷா வருஷம் சொன்ன சுய்கோவின் பதில், புங்கம்பட்டுப் பேச்சில் தானாக வந்தது.

“ஒங்க வூட்டுச் சோறுதான் மாமா இந்த ஒடம்பு. நா இல்லன்னு சொல்ல மாட்டேன். ராத்திரில நீங்க ஒண்ணு சொன்னா விடியறதுக்குள்ள செஞ்சிருக்கேன், விடிஞ்சி சொன்னா பொழுது சாயறதுக்குள்ள செஞ்சிருக்கேன். ஆனா இதுக்குக் கையெழுத்துப் போட்டா நாளிக்கு வர்றவன் இன்னா சொல்லுவான்? பொம்பளய ஒக்காரவச்சாங்க, களத்தத் தொலச்சிட்டு எழுந்து போனா பைத்தியக்காரின்னுவான். அதோட வுடுவானா? அப்பன் இல்லாத பொண்ண வளத்து, அவ கையாலயே ஊரு களத்த எழுதி வாங்கினாண்டா மாமன்காரன்னு ஒங்களையும் சொல்லுவான். எனக்கு அந்தப் பேரு வாணாம். ஒங்களுக்கும் அந்தப் பேரு வாணாம் மாமா.”

“இது நீ பேசற பேச்சில்ல. எவ சொல்லிக்குட்த்தா?” என்றார் மாமா.

“ஒரு பொம்பள. அவகிட்டயும் மாமன்தான் கேட்டாரு.”

“எந்த ஊருக்காரி?”

“ரொம்ப தூரங்க” என்றாள் ஜெசிந்தா. “நம்ம ஊருலருந்து பஸ்ஸு கெடையாது.”

கை தூக்கச் சொன்னார்கள். தீர்மானத்துக்கு ஆதரவாகப் பங்க்குப் பங்காளிகள் கை தூக்கினார்கள். அவர்கள் இந்த ஊரே இல்லை என்று மாரியப்பன் சொன்னதும் இறக்கிக்கொண்டார்கள். தீர்மானம் தோற்றது. சக்கரபாணி காருக்குப் போகும் வழியில் அவளிடம் நின்று, பக்கத்தில் வாரியோடு நின்ற அத்தையைத் தவிர யாருக்கும் கேட்காமல் மெதுவாகச் சொன்னார். “ஆவணில தட்டு வராது. இனிமே என் வாசப்படி மிதிக்காத.”

அவள் கேட்டுக்கொண்டாள். அழுகை வந்தது, அதைவிட முன்னால் ஆத்திரம் வந்தது. கொடுத்ததெல்லாம் அன்பு என்று நினைத்திருந்தாளே, முன்பணம் என்று யாராவது அப்போதே சொல்லியிருக்கக்கூடாதா. சுய்கோவுக்கும் இப்படித்தான் எரிந்திருக்குமா? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. கட்சுராகி கிடைக்காமலே அந்த மாமன் இரண்டு வருஷத்தில் செத்துப்போனார் என்பதையும், சாகும் காலத்தில் அவள், விளைச்சல் பொய்த்து ஜனம் பட்டினி கிடக்கும்போது எனக்கென்று புதுச் சமாதி கட்டாதீர்கள், என் மகன் சமாதியிலேயே வையுங்கள் என்று சொன்னாள் என்பதையும் எழுதி வைத்தார்கள். அதைப் படித்த பிறகும் இடைக்கால ஏற்பாடு என்று எழுத ஒருவனுக்குக் கை வந்தது.

பொழுது சாய, கோவிந்தம்மாள் மல்லாட்டையை அள்ளிக்கொண்டிருந்தாள். ஆட்கள் மூட்டைகளை வண்டியில் ஏற்றினார்கள். கடைசியில் கோணி பற்றவில்லை. ஒரு சிறு குவியல் மீந்தது. கிருஷ்ணவேணி பக்கத்திலிருந்த அலுவலகத்துக்குப் போனாள். நாற்காலி முதுகிலிருந்த பூத்துண்டை எடுத்தாள், உதறினாள், கொண்டுவந்து களத்தில் விரித்தாள். மீந்த மல்லாட்டையை அதில் அள்ளிப்போட்டு நாலு முனையையும் இறுக்கி முடிந்தாள்.

“இது ஒங்க மாமன் துண்டாச்சே” என்றாள் அத்தை.

“ஆமா அத்த. அவருகிட்டயே குட்த்துடுங்க.”

கோவிந்தம்மாள் முடிச்சைப் பார்த்தாள். பிறகு அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். “அவரு வரலன்னா போறாரு. கல்யாணத்துக்கு நா வர்றேன். தட்டு தூக்க எனக்குக் கை இல்லயா?” இரண்டடி போய்த் திரும்பினாள். “பங்க்கு வெச்சிட்டு அடுத்த வருசம் மல்லாட்டைய எங்கடி காயவெக்கிறதாம், அவரு தலமேலயா? ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.”

அலுவலகத்தில் துரைக்கண்ணு நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். கிருஷ்ணவேணி சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா உயரத்துக்கு ஏற்றி வைத்த நாற்காலி; அவள் கால் தரையில் படவில்லை.

“இத எறக்கறது எப்டி?” என்றாள்.

“தெரியலைங்க. அவரு ஏத்தி வெச்சதோட சரி, அப்பறம் அதுல யாரும் கை வெச்சதில்ல.” துரைக்கண்ணு குனிந்து அடியிலிருந்த கம்பியை இழுத்துப் பார்த்தான். துருப்பிடித்திருந்தது. “எண்ணெ வுடணுங்க. அதுவரைக்கும் பிளாஸ்டிக் சேர்ல...”

“வாணாம்” என்றாள் கிருஷ்ணவேணி. “எண்ணெ வாங்கியா. நா இங்கயே இருக்கேன்.”